கிரைண்டர் ஸ்கிரேப்பருக்குக் காப்புரிமை: 3(எஃப்) ஆட்சேபம் தீர்ந்த விதம்

டில்டிங் கிரைண்டரில் ஸ்கிரேப்பரின் (மாவை வழித்துவிடும் தகடு) நுனி தேயத் தேய டிரம்மை விட்டு விலகும். மாவு சுவரிலேயே அப்பிக்கொள்ளும். பின்னால் ஒரு ஸ்பிரிங் வைத்ததும் சரியாயிற்று. ஆனால் இதற்குக் காப்புரிமை கேட்டபோது, காப்புரிமை அலுவலகத்தின் ஆய்வறிக்கை, தெரிந்த பாகங்களின் வெறும் சேர்க்கை என்று காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(எஃப்)-ஐக் காட்டி மறுத்தது.

கோளாறு எதற்கு உரிமை கேட்கிறேன் என்று நான் எழுதிய வாசகத்தில்தான். "ஸ்பிரிங் பொருத்திய ஸ்கிரேப்பர்" என்று பாகங்களை மட்டும் அடுக்கியிருந்தேன். நுனி தேயும் அளவுக்கு ஸ்பிரிங் அதை முன்தள்ளி டிரம்மோடு ஒட்டவைக்கிறது என்று இரண்டும் சேர்ந்து செய்யும் வேலையை எழுதினேன். 1 கிலோ உளுந்து அரைத்து, ஸ்பிரிங் வைத்தும் வைக்காமலும் ஒட்டிய மாவை எடைபோட்ட கணக்கையும் காட்டினேன். அது முழு விவரக்குறிப்பிலேயே (கண்டுபிடிப்பை முழுதாக விளக்கும் ஆவணம்) இருந்ததால் தப்பித்தேன். இல்லாத சரக்கைத் திருத்தத்தில் நுழைக்கப் பிரிவு 59 விடாது. ஆய்வறிக்கைக்குப் பதில் தரக் கெடு 6 மாதம்.

தற்காலிக விண்ணப்பம் (படிவம் 1, 2, தனிநபருக்கு இணையவழியில் 1,600 ரூபாய்) போடுமுன் ஒரு பீஸ்கூட விற்காதீர்கள், புதுமை போய்விடும். அதைப் போட்டதிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைக் கொடுக்க வேண்டும்.

மூல கிரைண்டரின் காப்புரிமை வேறொருவரிடம் உயிரோடிருந்தால், உங்கள் காப்புரிமையை வைத்து அதைத் தயாரிக்க முடியாது. 20 வருடம் தாண்டிய மாடலாகப் பாருங்கள். உரிமம் கொடுப்பதென்றால் எழுத்தில் போட்டு, படிவம் 16-இல் பதியுங்கள்.