மாதவிடாய் நின்றபின் வயிற்றை அளக்கும் முறை

26 வருஷமாக ஜாக்கெட்டும் சுடிதாரும் தைக்கிறேன். என் அளவு நோட்டில் 45 வயது தாண்டியவர்களின் பக்கங்களைப் பார்த்தால் ஒன்று தெரியும். சீட் அளவு (பிட்டத்தின் சுற்று) அப்படியே இருக்கும், வயிறு மட்டும் இரண்டு இஞ்சு கூடியிருக்கும். "எடை ஏறவே இல்லையே அக்கா" என்பார்கள். உண்மைதான். 49 வயதில் எனக்கும் அப்படித்தான் ஆனது.

ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் நன்றாகச் சுரக்கும்வரை கொழுப்பு பெரும்பாலும் தொடையிலும் பிட்டத்திலும் தோலுக்கடியில் சேரும். சினைப்பை ஓய்ந்ததும் புதிதாகச் சேரும் கொழுப்பு வயிற்றுக்குள் போய்க் குடலையும் கல்லீரலையும் சுற்றிக்கொள்கிறது. சர்க்கரை, இதய நோய்க்கு வழிவிடுவது இந்தக் கொழுப்புதான். கூடவே தசையும் கரைவதால் எடை மெஷினில் வித்தியாசம் தெரியாமல் போகலாம். டேப்பில் தெரிந்துவிடும்.

முதலில் உங்கள் டேப்பைப் பள்ளிக்கூட ஸ்கேலோடு வைத்துப் பாருங்கள். பழைய டேப் இழுபட்டு நீண்டிருந்தால் அளவைக் குறைத்துக் காட்டும். காலையில் வெறும் வயிற்றோடு, துணியை விலக்கிவிட்டு நில்லுங்கள். பாவாடை நாடா கட்டும் இடத்தில் அளக்காதீர்கள், அது கீழே இறங்கியிருக்கும். விலாவில் கடைசி எலும்பைத் தடவிப் பாருங்கள், அப்புறம் இடுப்பெலும்பின் மேல் விளிம்பை. இரண்டுக்கும் நடுவில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு புள்ளி. அதன்மேல் டேப்பைச் சுற்றி, முதுகுப்பக்கம் சரியாமல் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள். வயிற்றை எக்காமல், மூச்சை இயல்பாக விட்டதும் படியுங்கள். நம் ஊர்ப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தொன்றரை இஞ்சுதான் எல்லை. மாதம் ஒருமுறை தேதி போட்டு எழுதுங்கள்.

எல்லை தாண்டியிருந்தால் பட்டினி கிடக்காதீர்கள், இருக்கிற தசையும் போய்விடும். சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்துச் சுண்டலோ முட்டையோ சேருங்கள். தினம் அரைமணி வேக நடை. வாரத்தில் இரண்டு மூன்று நாள், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துப் பத்தாக எழுந்து உட்காருங்கள். தசைக்கு வேலை கொடுக்க நடை மட்டும் போதாது.

ஹார்மோன் மாத்திரை உடல் இளைப்பதற்கான மருந்தல்ல. மெடிக்கலில் நீங்களாக வாங்காதீர்கள்.

இன்னொன்று. மாதவிடாய் நின்ற பிறகும் கொழுப்புத் திசு கொஞ்சம் ஈஸ்ட்ரோஜனைத் தயாரிக்கும். கொழுப்பு அதிகமானால் அதுவும் கூடி, கர்ப்பப்பை உட்சுவரிலும் மார்பிலும் புற்றுநோய் வரும் வாய்ப்பை ஏற்றுகிறது. ஒரு வருஷம் நின்றபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் "சூடுதான்" என்று விடாமல் அந்த வாரமே டாக்டரிடம் போங்கள்.