சிறுதொழிலுக்கு டிஜிட்டல் மார்க்கெட்டிங்: எங்கே தொடங்கி, எதை அளப்பது?

துண்டுப் பிரசுரம் அச்சடித்து வீடு வீடாகக் கொடுப்பவருக்கும் நாளிதழின் மூலையில் விளம்பரம் போடுபவருக்கும் ஒரே குறைதான்: செலவழித்த பணத்தில் எவ்வளவு வாடிக்கையாளராகத் திரும்பி வந்தது என்பது கடைசிவரை தெரியாது. பெரிய நிறுவனம் அந்தத் தெரியாமையைத் தாங்கிக்கொள்ளும். ஒருவரோ இருவரோ நடத்தும் தொழிலால் தாங்க முடியாது. டிஜிட்டல் மார்க்கெட்டிங்கினால் பல லட்சம் பேரைச் சென்றடையலாம் என்று விற்பனையாளர்கள் சொல்வதுண்டு. சிறுதொழிலுக்குப் பல லட்சம் பேர் தேவையே இல்லை. சிறிய தொகையைச் செலவிட்டு, அதன் விளைவைச் சில வாரங்களில் கண்டு, சரிவராததை நிறுத்திவிடலாம் என்பதுதான் அதற்குக் கிடைக்கும் உண்மையான நன்மை. அதனால்தான் இங்கே பணம் செலவாகாத வேலைகளை முதலிலும் விளம்பரத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

தேடுபவர் கண்ணில் படுதல்

குழாய் உடைந்து வீட்டுக்குள் தண்ணீர் பெருகும் நேரத்தில் ஒருவர் கைபேசியை எடுத்துத் தேடுகிறார். அவருக்கு ஆசை காட்ட வேண்டியதில்லை, தேவை ஏற்கெனவே வந்துவிட்டது. அந்த நிமிடத்தில் உங்கள் தொழிலின் பெயரும் தொலைபேசி எண்ணும் அவர் கண்ணில் பட வேண்டும். கூகுள் தேடலிலும் வரைபடத்திலும் தொழிலின் விவரங்களைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைல் இதற்காகவே இருக்கிறது. 2014ஆம் ஆண்டில் கூகுள் மை பிசினஸ் என்ற பெயரில் அறிமுகமாகி, 2021ஆம் ஆண்டில் இப்போதைய பெயரைப் பெற்ற இந்தச் சேவைக்குக் கட்டணம் கிடையாது. கூகுள் கணக்கின் வழியாக உள்ளே சென்று தொழிலின் பெயர், வகை, முகவரி, வேலை நேரம் ஆகியவற்றைப் பதிந்தால், அந்தத் தொழில் உங்களுடையதுதானா என்பதைக் காணொளி, தொலைபேசி போன்ற ஏதேனும் ஒரு வழியில் சரிபார்த்த பிறகு பக்கம் வெளியாகும். கடை என்று ஓர் இடம் இல்லாமல் வாடிக்கையாளரின் வீட்டுக்கே சென்று வேலை செய்பவர்கள் முகவரியை மறைத்துவிட்டு, தாம் சேவை செய்யும் பகுதிகளை மட்டும் குறிப்பிடலாம்.

அக்கம்பக்கத் தேடல்களில் யாரை முன்னே காட்டுவது என்பதைப் பொருத்தம், தொலைவு, பிரபலம் ஆகிய மூன்றையும் கொண்டு தீர்மானிப்பதாகக் கூகுளே சொல்கிறது. தொலைவு நம் கையில் இல்லை. பொருத்தம் பெரும்பாலும் நீங்கள் தேர்ந்தெடுக்கும் முதன்மை வகையைச் சார்ந்தது என்பதால், அதை அவசரத்தில் தேர்ந்தெடுக்கக் கூடாது. உடை தைத்துக் கொடுப்பவர் துணிக்கடை என்ற வகையில் பதிந்துவிட்டால், தையல்காரரைத் தேடுபவருக்கு அவர் தென்படுவது அரிது. தொழிலின் பெயரோடு 'சிறந்த', 'மலிவான' போன்ற சொற்களையும் ஊர்ப்பெயர்களையும் ஒட்டவைப்பது பலர் செய்யும் குறுக்குவழி. அது விதிமீறல், அதற்காகப் பக்கமே முடக்கப்படலாம்.

பிரபலத்தைக் கூட்டுவதில் வாடிக்கையாளர் எழுதும் ரிவியூக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. வேலை முடிந்து அவர் மனநிறைவோடு இருக்கும் போதே, ரிவியூ எழுதும் பக்கத்துக்கு நேராகச் செல்லும் இணைப்பை அனுப்பிக் கேட்டுவிட வேண்டும். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் பெரும்பாலும் வராது. கேட்பதில் தவறில்லை, ஆனால் தள்ளுபடியோ பரிசோ கொடுத்து எழுத வைப்பதைக் கூகுள் தடை செய்திருக்கிறது. கடுமையாக ஒருவர் எழுதிவிட்டால், இரண்டு மூன்று வரிகளில் நிதானமாகப் பதில் எழுதுங்கள். அந்தப் பதில், ரிவியூ எழுதியவரின் மனத்தை மாற்றாமல் போகலாம். அடுத்து அந்தப் பக்கத்தைத் திறக்கும் நூறு பேர் அதைப் படிக்கப் போகிறார்கள் என்பதை நினைவில் வைத்து எழுதினால் போதும். (என் கணிப்பில், ஒரு குறைகூட இல்லாத பக்கத்தைவிட, ஒரு குறையும் அதற்கு நாணயமான பதிலும் உள்ள பக்கமே கூடுதல் நம்பிக்கை தரும்.)

சொந்தமாக ஓர் இடம்

பிசினஸ் புரொஃபைலில் இருந்தபடியே எளிய இணையதளம் ஒன்றை உருவாக்கிக்கொள்ளும் வசதியைக் கூகுள் முன்பு கொடுத்திருந்தது. 2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அந்த இணையதளங்கள் அனைத்தையும் அது நிறுத்திவிட்டது. வேறு இணையதளம் இல்லாதவர்களுக்கு இருந்த ஒரே தளமும் போயிற்று. சமூக ஊடகப் பக்கத்துக்கும் இதே நிலைதான் என்றைக்கும் வரலாம். எனவே தொழிலின் பெயரில் ஒரு டொமைனை, அதாவது இணைய முகவரியை, வாங்கிவிடுங்கள். அதை இணையதளம் வடிவமைப்பவரின் கணக்கில் வாங்காமல் உங்கள் கணக்கில், உங்கள் மின்னஞ்சலில் வாங்க வேண்டும். அவரோடு உறவு முறிந்தால் டொமைனும் அவரோடு போய்விடும். தளம் ஒரே பக்கமாக இருந்தாலும் சரி: என்ன செய்கிறீர்கள், எந்தப் பகுதியில் செய்கிறீர்கள், எப்படித் தொடர்புகொள்வது என்ற மூன்றும் கைபேசித் திரையில் உருட்டாமலே தெரிய வேண்டும், எண்ணைத் தொட்டால் அழைப்பு போக வேண்டும்.

இதைவிட விலைமதிப்புள்ளது உங்களிடம் ஏற்கெனவே வந்துபோனவர்களின் பட்டியல். 2018ஆம் ஆண்டில் வெளியான வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இந்த வேலைக்கு ஏற்றது. பொருள்களின் படங்களை வரிசையாகக் காட்டும் கேட்டலாக், அடிக்கடி எழுத வேண்டிய பதில்களைச் சேமித்து வைக்கும் வசதி, வாடிக்கையாளர்களைப் பிரித்து வைக்க லேபிள்கள் ஆகியவை அதில் உண்டு. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் மூலம் போகும் செய்தி, உங்கள் எண்ணைத் தங்கள் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். பலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள்; எனக்கு அது நல்ல வடிகட்டியாகவே தோன்றுகிறது. விரும்பாதவருக்கு விளம்பரம் அனுப்பும் பழக்கம் இணையத்தைவிடவும் பழையது: 1978ஆம் ஆண்டில் ஒரு கணினி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவிலிருந்து, இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் வழியே ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பர மின்னஞ்சல் போனது, உடனே கண்டனமும் கிளம்பியது. அனுமதி கேட்டுச் சேர்த்த ஐம்பது எண்கள், விலைக்கு வாங்கிய ஐயாயிரம் எண்களைவிட மேலானவை.

சமூக ஊடகத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உங்கள் வாடிக்கையாளர்கள் அதிகம் இருக்கும் ஒரே ஒரு தளத்தைத் தேர்ந்தெடுத்து, வேலை நடக்கும் விதத்தையும் முடிந்த வேலையையும் தொடர்ந்து காட்டுங்கள். ஐந்து தளங்களில் கணக்கு தொடங்கி ஐந்தையும் பாதியில் விடுவது, மூடிய கடைக்குப் பெயர்ப்பலகை வைத்தது போலாகும்.

விளம்பரமும் கணக்கும்

கூகுள் 2000ஆம் ஆண்டில் ஆட்வேர்ட்ஸ் என்று தொடங்கி, 2018ஆம் ஆண்டில் கூகுள் ஆட்ஸ் என்று பெயர் மாற்றிய விளம்பரச் சேவையில், தேடல் பக்கத்து விளம்பரத்தின் ஒவ்வோர் இடமும் ஏலத்தில்தான் தீர்மானமாகிறது. அந்த ஏலத்தில் அதிகத் தொகை சொல்பவரே எப்போதும் வெல்வதில்லை. விளம்பரம் தேடலுக்கு எவ்வளவு பொருத்தமானது, அதைத் தொட்டவர் சென்று சேரும் பக்கம் எவ்வளவு பயனுள்ளது என்பவையும் கணக்கில் வருவதால், ஒரே ஒரு சேவையைத் தெளிவாகச் சொல்லும் சிறியவர், பொதுவாகப் பேசும் பெரியவருக்கு மேலே இடம்பிடிக்க முடியும்.

தொடங்கும் போது இரண்டு அமைப்புகளைக் கட்டாயம் மாற்றுங்கள். முதலாவது, இடம். நீங்கள் குறிப்பிட்ட பகுதியில் இருப்பவர்களோடு, அப்பகுதியில் ஆர்வம் காட்டும் வெளியூர்க்காரர்களுக்கும் விளம்பரத்தைக் காட்டுவதே இயல்பான அமைப்பு. அதை அப்பகுதியில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று மாற்றாவிட்டால், ஒருபோதும் வர முடியாதவர்கள் விளம்பரத்தைத் தொடும் ஒவ்வொரு கிளிக்குக்கும் நீங்கள் பணம் கட்டுவீர்கள். இரண்டாவது, விலக்க வேண்டிய சொற்கள். 'வேலைவாய்ப்பு', 'இலவசம்', 'பயிற்சி' போன்ற சொற்களோடு தேடுபவர்கள் உங்களைத் தேடவில்லை. அச்சொற்களை விலக்குப் பட்டியலில் சேர்த்து, என்னென்ன தேடல்களுக்கு விளம்பரம் காட்டப்பட்டது என்ற அறிக்கையை வாரம் ஒருமுறை பார்த்துப் பட்டியலை வளர்த்துக்கொண்டே போக வேண்டும். சமூக ஊடகப் பதிவின் கீழே, அதைக் கூடுதல் பேருக்குக் காட்டப் பணம் கட்டச் சொல்லி அழைக்கும் பூஸ்ட் பொத்தானை, இவ்வளவும் சரியாக நடக்கும்வரை நான் தொடச் சொல்ல மாட்டேன்.

கணக்குப் பார்ப்பது கடினமன்று. ஒரு கிளிக்குக்கு ஆகும் செலவை 1 பங்கு என்று வைத்துக்கொள்வோம். 100 கிளிக்குகளில் 8 பேர் தொடர்புகொண்டு, அவர்களில் 2 பேர் வாடிக்கையாளர் ஆனால், ஒரு வாடிக்கையாளரைப் பெற ஆன செலவு 50 பங்கு. ஒரு வேலையில் உங்களுக்கு மிஞ்சும் லாபம் 80 பங்கு என்றால் விளம்பரம் தொடரலாம். 40 பங்கு என்றால் நட்டம், ஆனால் அதே வாடிக்கையாளர் மீண்டும் இரண்டு முறை வருவார் என்பது அனுபவத்தில் தெரிந்திருந்தால் நட்டமில்லை. இரண்டே பேரை வைத்துக்கொண்டு இறுதி முடிவுக்கு வந்துவிடாமல் இன்னும் சில வாரங்கள் எண்ணிக்கை சேரட்டும். லைக், ஃபாலோயர் எண்ணிக்கைகளுக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. அழைப்பவர் ஒவ்வொருவரிடமும் "எங்களைப் பற்றி எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?" என்று கேட்டு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். எந்த மென்பொருளும் பிடிக்காத விவரங்கள் அந்த நோட்டில் சேரும்.

கிளிக் வந்தும் யாரும் தொடர்புகொள்ளவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும். தொடர்புகொண்டும் வாடிக்கையாளர் ஆகவில்லை என்றால், விலையிலோ பதில் சொல்லும் விதத்திலோ தேட வேண்டும். பல நேரங்களில் காரணம் இன்னும் எளியது: அழைப்பை யாரும் எடுப்பதில்லை. ஆகவே விளம்பரம் ஓடும் நேரத்தை, தொலைபேசிக்குப் பக்கத்தில் ஆள் இருக்கும் நேரமாக மட்டும் அமைத்துவிட்டு, தவறிய அழைப்புகளை அன்று மாலைக்குள் திருப்பி அழையுங்கள்.