பி.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி இளங்கலைப் படிப்பு) சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு

நான் பாம்பன்காரி. மூன்று வருடப் படிப்பில் கேஸ் ஒர்க் (தனி ஆளுக்கு உதவுவது), குரூப் ஒர்க் (குழுவோடு வேலை செய்வது) எல்லாம் வகுப்பில் புரிந்த மாதிரிதான் இருக்கும். களப்பணியில் குட்டு வெளிப்பட்டுவிடும்.

முதல் நாள் வீடு வீடாகக் கேட்க வேண்டிய கேள்வித்தாளோடு பத்து மணிக்குப் போனேன். தெருவே காலி. பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு பாசி எடுக்கக் கடலில் இறங்கியிருந்தார்கள். என் அம்மாவுக்கும் அதே வேலைதான். எனக்கே உறைக்கவில்லை பாருங்கள்! ஆகவே முதலில் ஊரின் நேரத்தைப் படியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், கையில் காசு இருக்காது. அப்போது வருமானம் கேட்டால் வேறு பதில்தான் வரும், தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நோட்டை உடனே எடுக்காதீர்கள். "யாரு மக நீ?" என்பார்கள். பதில் சொல்லிவிட்டு, கொடுத்த டீயைக் குடியுங்கள். கடன் விவகாரத்தை நாலு பேர் முன்னால் கேட்கவே கூடாது.

அறிக்கையை அன்றிரவே எழுதுங்கள். பார்த்தது ஒரு பக்கம், நீங்கள் நினைத்தது தனியே. இரண்டையும் கலந்து எழுதி மூன்று தடவை திருப்பி வாங்கியவள் நான். அப்புறம், "வீடு வாங்கித் தருகிறேன்" என்றெல்லாம் வாய்விடாதீர்கள். குழந்தைக்கு ஆபத்து என்றால் மட்டும் காத்திருக்க வேண்டாம், குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.