புது பேட்டரியும் இறங்கியது: பைக்கின் சார்ஜிங் கோளாறு சிக்கிய இடம்

சார்ஜரில் முழுதாக ஏற்றிய பேட்டரி இரண்டே நாள் ஓட்டத்தில் இறங்கிப்போய், செல்ஃப் ஸ்டார்ட்டர் ஒரு 'டக்' ஒலியோடு நின்றுவிடுவதுதான் என் பைக்கில் கண்ட கோளாறு. பேட்டரியை மாற்றினேன்; பயனில்லை. எஞ்சின் சுழலும்போது மின்சாரம் உண்டாக்கும் சுருளான ஸ்டேட்டரின் மூன்று மஞ்சள் வயர்களைக் கழற்றி, 5000 ஆர்பிஎம்மில் இரண்டிரண்டாக அளந்தபோது மூன்று அளவும் ஏறத்தாழ 60 வோல்ட் ஏசி எனச் சமமாக இருந்தன. ஸ்டேட்டர் நலம் என்று தெரிந்ததால், அந்த ஏசியை டிசியாக்கி வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைச் சந்தேகித்து அதையும் மாற்றினேன். எஞ்சின் குளிர்ந்திருக்கையில் பேட்டரி முனையில் 14.1 வோல்ட் வந்ததால் தீர்ந்தது என நம்பினேன். இருபது நிமிடம் ஓட்டியபின் அது 12.9 ஆகச் சரிந்திருந்தது.

வண்டி சூடாக இருக்கும்போதே, முகப்பு விளக்கை எரியவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை ரெகுலேட்டரின் சிவப்பு வயரிலும் மறுமுனையை பேட்டரியின் பாசிட்டிவிலும் வைத்ததுதான் பலன் தந்த சோதனை. 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இழப்பு 1.3 ஆக இருந்தது. இடையிலிருந்த கனெக்டர் வெளியே புதிதுபோல் தெரிந்தாலும், உள்ளே ஒரு பின் பழுப்பேறி, பிடிப்புத் தளர்ந்திருந்தது. முன்பு கன்டின்யூட்டி (இணைப்பு அறுபடாமல் இருக்கிறதா என்ற சோதனை) பார்த்தபோது மீட்டர் 'பீப்' என்றதே என்னைத் திசைதிருப்பியது. மீட்டர் செலுத்தும் மின்னோட்டம் மிகச் சிறிது என்பதால், பல ஆம்பியர் பாயும்போது மட்டும் தலைகாட்டும் தடை அதில் தெரியாது. ரெகுலேட்டரோ தன் வாயிலில் உள்ள 14.2 வோல்ட்டை மட்டும் பார்த்து, பேட்டரி நிறைந்துவிட்டதென மேலும் ஏற்றாமல் இருந்திருக்கிறது.

கருகிய பகுதியை வெட்டி, புதிய டெர்மினலை கிரிம்ப் செய்தேன் (வயரோடு இறுக நசுக்கிப் பொருத்தினேன்). இப்போது எஞ்சின் சூடேறிய பின்னும் 14.1 வோல்ட் நிலைக்கிறது, பெரும் நிம்மதி.