முதல் மீன் தொட்டி: மீனுக்கு முன்னால் பாக்டீரியா

என் முதல் தொட்டியில் தண்ணீர் ஊற்றிய மறுநாளே ஆறு கப்பி மீன்களை விட்டேன். தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. நான்காம் நாள் ஆறும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றன. வாரம் முடிவதற்குள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நோய் பிடித்த மீனைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று விற்றவரைத் திட்டித் தீர்த்தேன். தப்பு என்னுடையது என்று தெரியவந்தது, தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று சோதிக்கும் டெஸ்ட் கிட் ஒன்று வாங்கிய பிறகுதான்.

மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். தின்னாமல் விட்ட தீனி அழுகினாலும் அம்மோனியாதான். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு விஷம். நைட்ரைட் ரத்தத்தில் ஏறினால், தண்ணீரில் ஆக்ஸிஜன் இருந்தாலும் ரத்தத்தால் அதைச் சுமக்க முடியாது. நைட்ரேட் ஓரளவு சேர்ந்தாலும் மீன் தாங்கும். தண்ணீர் மாற்றிக் குறைத்துக்கொள்ளலாம். புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியா போதுமான அளவு இருக்காது. அதை வளர்த்தெடுப்பதைத்தான் சைக்கிளிங் என்கிறோம்.

1. தொட்டி

சின்னதாக ஆரம்பிப்போம் என்று கண்ணாடிக் கிண்ணம் வாங்காதீர்கள். தண்ணீர் குறைவாக இருந்தால் கொஞ்சம் அழுக்கே நிறைய விஷமாகிவிடும். 60 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரம் உள்ள தொட்டி 54 லிட்டர் பிடிக்கும். கல்லும் மேலே விடும் இடைவெளியும் போக 45 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மட்டுமே 45 கிலோ என்பதால் ஆடாத, மட்டமான மேசை வேண்டும். நேர் வெயில் விழும் ஜன்னலோரம் வைத்தால் பாசி தேய்ப்பதே வேலையாகிவிடும்.

2. கல்லும் தண்ணீரும்

சரளைக்கல்லைக் கலங்கல் நிற்கும்வரை அலசுங்கள். சோப்பு கூடவே கூடாது. 4 செ.மீ. உயரத்துக்குப் பரப்பி, அதன்மேல் ஒரு தட்டை வைத்துத் தட்டின்மீது தண்ணீர் ஊற்றினால் கல் கலையாது.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் பாக்டீரியாவும் சாகும், மீனும் சாகும். வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் போய்விடும். ஆனால் சில ஊர்களில் குளோரினுக்குப் பதிலாகக் கலக்கும் குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) அப்படிப் போகாது. குளோரின் நீக்கும் மருந்தை ஊற்றிவிடுவதுதான் நிம்மதி.

3. ஃபில்டர்

சின்னத் தொட்டிக்கு ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டரே போதும். பாக்டீரியா தண்ணீரில் மிதப்பதைவிட இந்த ஸ்பாஞ்சில்தான் அதிகம் ஒட்டி வாழும். அதனால் ராப்பகலாக ஓட வேண்டும். பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே இருந்தால் கரண்ட் போகும்போது தண்ணீர் டியூப் வழியாகப் பம்புக்குள் இறங்கிவிடும். வெப்பநிலை 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் இருந்தால் நல்லது. குளிரான அறை என்றால் ஹீட்டர் போடுங்கள்.

4. சைக்கிளிங்

மீன் இல்லாத தொட்டியில் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு நாம்தான் போட வேண்டும். வாசனையோ சோப்போ கலக்காத அம்மோனியா கரைசல் தேவை. பாட்டிலைக் குலுக்கிப் பாருங்கள், நுரை அடங்காமல் நின்றால் அது ஆகாது. 10 சதவீதக் கரைசல் என்றால், 45 லிட்டருக்கு 1 மி.லி. விட்டால் சுமார் 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) வரும். ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்து விடுங்கள், மூக்கைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். கரைசல் கிடைக்காவிட்டால் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு அழுகவிடலாம். நாற்றம் அடிக்கும், அளவும் கைக்குள் நிற்காது, ஆனாலும் நடக்கும்.

இரண்டு நாளுக்கு ஒரு தடவை டெஸ்ட் செய்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சொட்டு விடும் கிட் நல்லது. நைட்ரேட் சொட்டு மருந்தில் பொடி அடியில் தங்கும் வகையும் உண்டு. அதை அரை நிமிடம் பலமாகக் குலுக்காமல் விட்டால் இருக்கிற நைட்ரேட்டையும் இல்லை என்று காட்டும். நான் இதில் பத்து நாள் ஏமாந்தேன்.

முதல் வாரம் எதுவும் நடக்காத மாதிரிதான் இருக்கும். தண்ணீர் பால் கலந்தது போல மங்கினால் பயப்பட வேண்டாம், தானே தெளியும். அப்புறம் அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும். அம்மோனியா பூஜ்ஜியம் ஆகும்போதெல்லாம் மறுபடி கொஞ்சம் விடுங்கள், இல்லாவிட்டால் வளர்ந்தது பட்டினி கிடக்கும். நைட்ரைட் கட்டத்தில்தான் பலருக்கும் பொறுமை போகும். கிட்டோடு வரும் நிற அட்டையின் கடைசிக் கட்டத்திலேயே நாள்கணக்காக நின்றால் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். பிஹெச்சையும் (தண்ணீரின் அமில அளவு, எண் குறைந்தால் அமிலம் அதிகம்) பாருங்கள். இந்த மாற்றத்தில் அமிலம் உண்டாகும். பிஹெச் 6 பக்கம் இறங்கினால் பாக்டீரியா வேலையை ஏறக்குறைய நிறுத்திவிடும். அதற்கும் மருந்து தண்ணீர் மாற்றுவதுதான்.

2 பிபிஎம் அம்மோனியா விட்டு, 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம் காட்டினால் தொட்டி தயார். பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால், அங்கே ஓடிய ஸ்பாஞ்ச் ஒரு துண்டு கேளுங்கள். ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டரோடு சேர்த்து வைத்தால் நாள் நன்றாகக் குறையும்.

5. மீன்

முதலில் பாதிக்கு மேல் தண்ணீரை மாற்றி நைட்ரேட்டை 20 பிபிஎம் அளவுக்கு இறக்குங்கள். கப்பி, பிளாட்டி போன்றவை நாலைந்து போதும். கோல்ட்ஃபிஷ் வேண்டாம், அது இந்தத் தொட்டிக்கு மிஞ்சி வளரும். பையை 20 நிமிடம் தண்ணீரில் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து, மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். அடுத்த மீன்களுக்கு இரண்டு வாரம் கழியட்டும். ஒரு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு தீனி போதும்.

வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். புதுத் தண்ணீருக்கும் குளோரின் நீக்கும் மருந்து உண்டு. ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டால், அப்போது வாளியில் எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு மூன்று தடவை பிழிந்து அப்படியே திருப்பி மாட்டுங்கள். பழுப்பு நிறம் முழுசாகப் போகாது. குழாயடியில் வெளுக்க வெளுக்கக் கழுவினால் பாக்டீரியா போய்விடும், மறுபடி நாலாவது படியான சைக்கிளிங்கிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.