கேமரா இல்லாமல் ஒரு படம்: பழைய ஃபிலிமும் ஒரு மார்க்கரும்

1963-இல் அமெரிக்கப் பரிசோதனைத் திரைப்படக்காரர் ஸ்டான் பிராகேஜ் விளக்கடியில் செத்துக் கிடந்த அந்துப்பூச்சிகளின் சிறகுகளையும் இலை, புல் துணுக்குகளையும் ஒட்டுநாடாக்களுக்கு நடுவே வைத்து 'மாத்லைட்' என்ற படத்தை உருவாக்கினார். கேமரா கிடையாது. கையில் காசும் கிடையாது. பெரிய ஸ்டுடியோக்களுக்கு வெளியே தனியாள்கள் எடுத்த அமெரிக்கத் தலைமறைவு ('அண்டர்கிரவுண்ட்') சினிமாவில் நான் மயங்கியது இந்த இடத்தில்தான்.

பழைய 16 எம்எம் அகல ஃபிலிம் சுருள் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். யாருடைய வீட்டுத் திருமணமாவது அதில் இருந்தால் தயவுசெய்து திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கையுறை மாட்டி, ஜன்னலைத் திறந்து வைத்து, நீர் கலந்த பிளீச்சில் ஃபிலிமை ஊறவையுங்கள். படம் பதிந்திருக்கும் மேற்படலம் கரைந்ததும் நன்றாக அலசித் துணிக்கொடியில் காயப்போடுங்கள்.

கறுப்பு ஃபிலிம் என்றால் பிளீச் வேண்டாம், ஊசியால் சுரண்டலாம். உதட்டை ஈரமாக்கி ஓரத்தில் வைத்துப் பாருங்கள். ஒட்டுகிற பக்கம்தான் படலம். இது தெரியாமல் ஒரு மாலை முழுவதும் மறுபக்கத்தைச் சுரண்டினேன்.

இனி வரைய வேண்டும். நான் சறுக்கியது இங்கேதான். ஓர் அடி ஃபிலிமில் 40 கட்டங்கள் (ஃபிரேம்கள்). கட்டத்துக்கு ஒன்றாக மீன், குடை, பூனை என்று மூன்று இரவுகள் கண்வலிக்க வரைந்தேன். புரொஜெக்டரில் ஓட்டினால் இரண்டு நொடிகூட ஆகவில்லை; சாம்பல் நிறத்தில் ஏதோ நடுங்கிவிட்டுப் போனது. நொடிக்கு 24 கட்டங்கள் ஓடும்போது தனிப் பூனையை யார் பார்ப்பது? ஆகவே கட்டங்களை மறந்துவிட்டு நீளத்தை நினையுங்கள். ஒரு நொடி என்பது சுமார் 18 செ.மீ. ஒரு கோட்டை அத்தனை தூரத்துக்கு மெல்ல வளைத்து இழுங்கள். திரையில் அது நெளியும். கண்ணில் நிற்க வேண்டிய உருவத்தை 12 கட்டங்களிலாவது திரும்ப வரையுங்கள்.

அழியா மை மார்க்கர்தான் என் கட்சி. நீர்வண்ணம் வழவழப்பான ஃபிலிமில் முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். ஒருபக்கம் மட்டும் துளையுள்ள ஃபிலிமில் மறு ஓரம் ஒலித்தடம், அதாவது ஒலி பதிந்திருக்கும் பட்டை. அங்கே கோடு போனால் ஒலிபெருக்கி கரகரக்கும். எனக்கு அது பிடித்திருக்கிறது.

பின்சேர்க்கை: பிராகேஜைப் போல இலை ஒட்டிய வாசகர் ஒருவரின் ஃபிலிம் புரொஜெக்டரில் சிக்கி, விளக்குச் சூட்டில் பொத்துப்போனதாம். முன்பே சொல்லியிருக்க வேண்டும்: பிராகேஜும் ஒட்டிய பட்டையை அப்படியே திரையிடவில்லை, ஆய்வகத்தில் பிரதி எடுத்தார். ஆய்வகம் எட்டாவிட்டால் ஒளிப்பெட்டிமேல் பட்டையை வைத்துக் கட்டம் கட்டமாகக் கைபேசியில் படம்பிடித்து வீடியோவாகக் கோத்துவிடுங்கள்.

திரையரங்கைத் தேட வேண்டாம். 1961-இல் இன்னொரு தலைமறைவு சினிமாக்காரரான புரூஸ் பெய்லி கலிபோர்னியாவின் கேன்யன் என்ற சிற்றூரில் தம் வீட்டுக் கொல்லையில்தான் படங்களைத் திரையிடத் தொடங்கினார். உங்களிடம் மொட்டைமாடி இருக்குமே.