காரின் பிரேக் லைட், இண்டிகேட்டர் பல்புகளை எல்.இ.டி.க்கு மாற்றுவது எப்படி?

பிரேக் பெடலை மிதித்த பிறகு சாதாரண இழை பல்பு முழு வெளிச்சத்துக்கு வரச் சுமார் 0.2 விநாடி ஆகிறது. டங்ஸ்டன் இழை சூடேறினால்தான் ஒளிரும். எல்.இ.டி.க்கு அந்தத் தாமதம் கிடையாது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் நம் பின்னால் வரும் வண்டி அந்த 0.2 விநாடியில் நான்கு மீட்டருக்கு மேல் ஓடிவிடும். ஒரு சின்ன காரின் நீளத்தைவிட அது அதிகம். எங்கள் காரில் எல்.இ.டி. போட்டதற்கு முதல் காரணம் இதுதான். அழகு பிறகு வந்து சேர்ந்தது.

எங்களிடம் இருப்பது, டிக்கிக் கதவு மேல்நோக்கித் திறக்கும் பழைய சின்ன மாருதி. பிரேக் லைட், பார்க்கிங் லைட், நம்பர் பிளேட் லைட், ரிவர்ஸ் லைட், நான்கு மூலை இண்டிகேட்டர் எல்லாவற்றையும் மாற்றியாகிவிட்டது. ஹெட்லைட்டை மட்டும் தொடவில்லை. உங்களையும் தொட வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன்.

ஹெட்லைட்டை ஏன் விட்டுவிட வேண்டும்?

நம் ஊர்ச் சின்ன கார்கள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கு இருப்பது 60/55 வாட் எச்4 பல்பு. அதற்குள் இரண்டு இழைகள். டிம் லைட்டுக்கான இழையின் அடியில் சின்னக் கிண்ணம் போல ஓர் உலோகத் தகடு உண்டு. கீழ்ப்பக்கம் போகும் ஒளியை அது மறைப்பதால்தான் எதிரே வருபவரின் கண்ணுக்கு வெளிச்சம் ஏறுவதில்லை. பின்னாலுள்ள பிரதிபலிப்பானின் வளைவு முழுவதும் அந்த இழை இருக்கும் இடத்தைக் கணக்கில் வைத்தே வார்க்கப்பட்டது. எல்.இ.டி. எச்4 பல்பில் ஒளி தரும் சின்னச் சிப்புகள் ஒரு தகட்டின் இரு பக்கமும் ஒட்டப்பட்டிருக்கும். சிப்பின் இடம் கொஞ்சம் பிசகினாலும் ஒளி மேலே சிதறும். ஓட்டுபவருக்குச் சாலை பளிச்சென்று தெரிவதால் திருப்தியாக இருக்கும். எதிரே இருசக்கர வாகனத்தில் வருபவருக்கு ஒன்றும் தெரியாது. நடுவில் தடுப்பில்லாத இருவழிச் சாலையில் இரவில் ஓட்டிய எவருக்கும் இந்த அவஸ்தை தெரியும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் திருத்தப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அதனால் எந்த விளக்கிலும் நிறத்தையும் அது செய்யும் வேலையையும் மாற்றாதீர்கள். உத்தரவாதக் காலம் முடியாத கார் என்றால் வயரில் கத்தியே வைக்காதீர்கள்.

பல்பு வாங்கும்போது

முதலில் பழைய பல்பைக் கழற்றி அதன் அடிப்பாகத்தில் பொறித்திருப்பதைப் படியுங்கள். காரின் கையேட்டிலும் வாட் கணக்கோடு பட்டியல் இருக்கும். கடையில் 1156, 1157, டி10, டி15 என்று சொன்னால் போதும். டி10, டி15 உலோக அடி இல்லாமல் நேராகச் செருகும் சின்ன பல்புகள். 1156 ஒற்றை இழை பல்பு. அடிப்பாகத்தின் பக்கவாட்டில் நீட்டியிருக்கும் இரு காதுகளும் ஒரே உயரத்தில் இருக்கும். 1157 இரட்டை இழை: 5 வாட் பார்க்கிங்குக்கு, 21 வாட் பிரேக்குக்கு. அதன் காதுகள் உயரம் மாறியிருக்கும், அடியில் இரண்டு ஈயப்புள்ளிகள் தெரியும். கண்ணாடியே மஞ்சளாக இருக்கும் இண்டிகேட்டர் பல்பில் காதுகள் நேர் எதிரெதிராக இல்லாமல் 150 டிகிரி கோணத்தில் இருக்கும். வேறு நிற பல்பை அந்த ஹோல்டரில் யாரும் மாட்டிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அந்தக் காதை அரத்தால் ராவி உள்ளே திணிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

நிறத்தில் ஒரே விதிதான்: விளக்கு வெளியே என்ன நிறத்தில் தெரிய வேண்டுமோ அதே நிற எல்.இ.டி. வாங்குங்கள். சிவப்பு மூடிக்குப் பின்னால் சிவப்பு, இண்டிகேட்டருக்கு மஞ்சள். 'வெள்ளை போட்டால் எல்லா மூடிக்கும் பொருந்தும்' என்று கடைக்காரர் சொல்வார். வெள்ளை எல்.இ.டி. என்பது பெரும்பாலும் நீல நிற சிப்பின் மேல் பாஸ்பர் என்ற மஞ்சள் ஒளிர்பொருளைப் பூசியது. அதில் சிவப்பு ஒளி குறைவு. சிவப்பு மூடி மற்றதையெல்லாம் தடுத்துவிட, வெளியே வருவது சோகையான இளஞ்சிவப்பு. பட்டப்பகல் வெயிலில் அது பிரேக் லைட்டாகவே தெரியாது.

நம்பர் பிளேட்டுக்கு வெள்ளை மட்டுமே. பின்னாலிருந்து 15 மீட்டர் தூரத்தில் எண்ணைப் படிக்க முடிய வேண்டும் என்பது விதி. நீல பல்பு கேட்டு வாங்குவதில் ஒரு பயனும் இல்லை.

சிப்புகள் எங்கே ஒட்டியிருக்கின்றன என்று பாருங்கள். இழை பல்பு நாலாபக்கமும் ஒளி வீசும். அதைப் பிரதிபலிப்பான் திரட்டி வெளியே அனுப்பும். எல்லா சிப்பும் நுனியில் மட்டும் இருந்தால் ஒளி நேராக வெளியே போய்விடும், பிரதிபலிப்பான் இருட்டாகவே கிடக்கும், பக்கவாட்டிலிருந்து பார்ப்பவருக்கு விளக்கு எரிவதே தெரியாது. சுற்றிலும் சிப்பு வைத்த, அலுமினிய உடல் கொண்ட பல்பைத்தான் நான் எடுப்பேன். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் வாட் எண்ணை நம்ப வேண்டாம். என்ஜின் ஓடும்போது பேட்டரி மின்னழுத்தம் 14 வோல்ட்டைத் தொடும்; அதைத் தாங்க மின்னோட்டத்தைச் சீராக வைக்கும் டிரைவர் சுற்று உள்ளே இருக்கிறதா என்று கேளுங்கள். சென்னையில் இருப்பவர்கள் ஜி.பி. ரோட்டுக் கடைகளில் ஒரு பல்பை 12 வோல்ட்டில் எரிய வைத்துக் காட்டச் சொல்லி வாங்கலாம். பார்க்காமல் வாங்குவதைவிட அது எவ்வளவோ மேல்.

கருவிகள் அதிகம் வேண்டாம்: ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், 10 மில்லிமீட்டர் ஸ்பேனர், பிளாஸ்டிக் நெம்பி, மெல்லிய உப்புத்தாள், மல்டிமீட்டர். இவற்றில் மல்டிமீட்டர் மட்டும் இல்லாமல் வேலையைத் தொடங்காதீர்கள். விலை குறைந்ததே போதும்.

பின் விளக்கைத் திறப்பது

விளக்குகளை அணைத்து, பல்பு ஆறும்வரை பொறுங்கள். டிக்கியைத் திறந்தால் பின் விளக்கின் உள்ஓரத்தில் இரண்டு ஸ்க்ரூ தெரியும். கழற்றியதும் விளக்கு கையோடு வராது. மறுபக்கம் பிளாஸ்டிக் முளைகள் துளைக்குள் இறுகியிருக்கும். விளக்கைப் பக்கவாட்டில் திருகாமல் வண்டியின் பின்பக்கமாக நேராக இழுங்கள். வராவிட்டால் துணி சுற்றிய பிளாஸ்டிக் நெம்பியால் மெல்லத் தூக்குங்கள். இரும்பு ஸ்க்ரூ டிரைவரை நுழைத்தால் பெயிண்ட் போய்விடும்.

ஹோல்டரை இடப்பக்கம் திருகினால் வெளியே வரும். பல்பை உள்ளே அழுத்தி, அதே பக்கம் திருகி எடுங்கள். இப்போது ஹோல்டருக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு மூன்று மழைக்காலம் பார்த்த வண்டியில் அடித்தகட்டில் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கும். உப்புத்தாளைச் சுருட்டித் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். 'எல்.இ.டி. மங்கலாக எரிகிறது' என்று வரும் புகார்களில் பல இந்த எர்த் (காரின் உலோக உடல் வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) கோளாறுதான், பல்பின் குற்றமல்ல.

புதிய பல்பை மாட்டியதும் மூடிவிடாமல் சோதித்துப் பாருங்கள். முதலில் பார்க்கிங் லைட். எரிந்துகொண்டிருக்கும்போதே வீட்டில் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி, பத்துப் பதினைந்து அடி தள்ளி நின்று பாருங்கள். பார்க்கிங்கும் பிரேக்கும் கிட்டத்தட்ட ஒரே பிரகாசமாக இருந்தால் அந்த பல்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மலிவான 1157-களில் இந்தக் குறை சாதாரணம். இரவில் நீங்கள் பிரேக் போடுவது பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போகும்.

டி10 எரியவில்லை என்றால் பதறாமல் எடுத்து, திருப்பி மாட்டுங்கள். எல்.இ.டி.யில் மின்சாரம் ஒரு திசையில்தான் ஓடும்.

இண்டிகேட்டர்: பொறுமை வேண்டிய இடம்

எல்.இ.டி. மாட்டி இண்டிகேட்டரைப் போட்டதும் 'டிக்... டிக்...' என்று நிதானமாக வரும் சத்தம் இரண்டு மடங்கு வேகத்தில் படபடக்கும். பலர் இந்த இடத்தில்தான் மனம் விட்டுப் பழைய பல்புக்கே திரும்பிவிடுகிறார்கள். பல்பில் கோளாறு எதுவும் இல்லை.

ஒரு பக்கம் முன்னும் பின்னும் 21 வாட், பக்கவாட்டில் 5 வாட், ஆக 47 வாட். ஏறத்தாழ 4 ஆம்பியர். இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரிய வைக்கும் ஃபிளாஷர் ரிலே இந்த மின்னோட்டத்தை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒரு பல்பு ஃபியூஸ் ஆனால் ஓட்டம் குறையும்; ஓட்டுநருக்கு அதைத் தெரிவிக்கவே ரிலே வேகமாக அடிக்கும். எல்.இ.டி. இழுப்பது சில வாட் மட்டுமே என்பதால், பல்பு போய்விட்டதாக ரிலே எடுத்துக்கொள்கிறது. நிமிடத்துக்கு 60 முதல் 120 வரை அடிப்பதே முறை.

தீர்வு இரண்டு. எனக்குப் பிடித்தது ரிலேயையே மாற்றுவது: மின்னோட்டத்தைப் பார்க்காமல் ஒரே வேகத்தில் அடிக்கும் எலக்ட்ரானிக் ரிலே, எல்.இ.டி.க்கென்றே கிடைக்கிறது. இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு டேஷ்போர்டுக்குக் கீழே காதை வைத்தால் பழைய ரிலே எங்கே இருக்கிறது என்று சத்தமே காட்டிக்கொடுக்கும்.

அதைப் பிடுங்கி அப்படியே புதியதைச் செருகிவிடக் கூடாது. மூன்று கால் ரிலேயில் பி, எல், இ என்றோ, ஜெர்மன் முறையில் 49, 49ஏ, 31 என்றோ குறித்திருக்கும். பி அல்லது 49 பேட்டரியிலிருந்து வருவது. எல் அல்லது 49ஏ விளக்குக்குப் போவது. இ அல்லது 31 எர்த். வடிவம் ஒன்றாகவே இருந்தாலும் எல்லும் இயும் இடம் மாறிய ரிலேக்கள் சந்தையில் உண்டு. எங்கள் காருக்கு வந்து சேர்ந்தது அப்படிப்பட்ட ஒன்றுதான். மாறியிருப்பது தெரியாமல் செருகினால் ஃபியூஸ் போகும் அல்லது ரிலே போகும்.

அதனால் ரிலேயைக் கழற்றிய சாக்கெட்டை மல்டிமீட்டரால் பாருங்கள். சாவியைத் திருப்பி, கறுப்பு முனையைக் காரின் வெறும் உலோகத்தில் வைத்து, சிவப்பு முனையால் ஒவ்வொரு துளையாகத் தொடுங்கள். 12 வோல்ட் காட்டுவது பி. பிறகு சாவியை அணைத்து, மீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் 'பீப்' நிலைக்கு மாற்றுங்கள். இண்டிகேட்டர் தண்டு நடுவில் இருக்கட்டும், நான்கு இண்டிகேட்டரையும் சேர்த்து அடிக்க வைக்கும் ஹசார்டும் அணைந்திருக்கட்டும். இல்லையென்றால் பல்பு வழியாகவே எர்த் காட்டி ஏமாற்றும். பீப் அடிப்பது இ. மிஞ்சியது எல். வரைந்து வைத்துக்கொண்டு புதிய ரிலேயோடு ஒப்பிடுங்கள். பொருந்தினால் செருகலாம். பொருந்தாவிட்டால் மூன்று துண்டு வயரில் தட்டைத் தகடு கனெக்டர்களை அழுத்தி, மூன்றையும் சரியான காலுக்குக் கொண்டுபோங்கள். இரண்டு கால் சாக்கெட் என்றால் அதில் எர்த்தே இருக்காது. புதிய ரிலேயின் எர்த் வயரை அருகிலுள்ள போல்ட்டில் இறுக்கிவிடுங்கள்.

ரிலே மாற்றினால் ஒன்றை இழக்கிறோம்: பல்பு போனால் இனி எச்சரிக்கை வராது. வாரம் ஒருமுறை ஹசார்டைப் போட்டு வண்டியைச் சுற்றி நடந்து பாருங்கள்.

இரண்டாவது வழி, 6 ஓம் 50 வாட் ரெசிஸ்டரை (மின்தடையை) பல்புக்கு இணையாக இணைப்பது. 13.5 வோல்ட்டில் அது 30 வாட்டை வெப்பமாக வெளியேற்றும். ஹசார்ட் போட்டு நின்றால் தொட்ட கை சுடும். பம்பரின் பிளாஸ்டிக்கிலோ வயர்க் கட்டின் மேலோ அதைக் கட்டித் தொங்கவிடுவது தீ விபத்துக்கு அழைப்பு. வெறும் உலோகத்தில் ஸ்க்ரூ வைத்து முடுக்குங்கள். வயரைக் கிள்ளிப் பிடிக்கும் நீல நிற இணைப்பிகளை ஒதுக்கிவிட்டு, ஈயம் வைத்துச் சூட்டுக்குச் சுருங்கும் குழாய் போடுங்கள். இந்த வேலைக்கு மட்டும் பேட்டரியின் நெகட்டிவ் முனையை முன்பே கழற்றிவிட வேண்டும்.

புதிய கார்கள் பலவற்றில் தனி ரிலேயே இல்லை. காரின் விளக்குகளைக் கட்டுப்படுத்தும் கணினிதான் இண்டிகேட்டரை அடிக்க வைக்கிறது. அவற்றில் ரெசிஸ்டர் ஒன்றே வழி. என்னைக் கேட்டால், அந்தக் கார்களில் இண்டிகேட்டருக்கு இழை பல்பே இருக்கட்டும். பிரேக் லைட்டுக்கு மட்டும் எல்.இ.டி. போடுங்கள், கணினி எச்சரிக்கை காட்டாதவரை.

மூடும்போது ரப்பர் கேஸ்கெட் மடியாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் சுற்றித் தடவிப் பார்த்த பிறகே ஸ்க்ரூவை முடுக்குங்கள்.

பிறகு சேர்த்தது

மழைக்குப் பின் விளக்கின் உள்ளே பனி பூத்து, நாள்கணக்கில் போகவில்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். பழைய பல்பின் சூடு அந்த ஈரத்தை உலர்த்திக்கொண்டிருந்தது, எல்.இ.டி.யில் அந்தச் சூடு இல்லை. விளக்கின் பின்னாலுள்ள சின்னக் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். அங்கே சிலிகான் பூசி அடைத்துவிடாதீர்கள்.

பார்க்கிங் லைட் போட்டால் எஃப்.எம். கரகரக்கிறது என்று இன்னொருவர். மலிவான டிரைவர் சுற்று கிளப்பும் மின்காந்த இரைச்சல் அது. ஒவ்வொரு பல்பாகக் கழற்றிப் பார்த்தால் எது என்று தெரியும். அதை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

மோட்டார் சைக்கிளில் இதைச் செய்தவருக்கு நான்கு இண்டிகேட்டரும் சேர்ந்தே அடித்தனவாம். மீட்டரில் இடம், வலம் இரண்டுக்கும் ஒரே காட்டி பல்பு இருக்கும் வண்டிகளில் இப்படி ஆகும். அந்த பல்பு இரு பக்க வயர்களுக்கும் நடுவில் இணைந்திருக்கிறது. அதன் வழியாக மறுபக்கத்துக்குக் கசியும் சிறு மின்னோட்டமே எல்.இ.டி.யை எரிய வைக்கப் போதும். காட்டி பல்பின் இரு வயர்களையும் பிரித்து, ஒவ்வொன்றிலும் மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் 1என்4007 டயோடு ஒன்றை வைத்து, டயோடுகளின் வெள்ளைக் கோடு உள்ள முனைகளை ஒன்றாக்கி பல்பின் ஒரு காலுக்குக் கொடுங்கள். மற்றக் காலை எர்த்தில் இணையுங்கள்.